தீவு மக்களிடம் ஆபத்தைச் சொல்வது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு தீவுக் கிராமத்தின் பொதுக்கிணற்றில் நோட்டீஸ் ஒட்டப் போனேன். தண்ணீரில் நைட்ரேட் மிகுதி என்று ஆய்வு முடிவு வந்திருந்தது. "இக்கிணற்று நீர் குடிப்பதற்கு உகந்ததல்ல" என்ற தாளைத் தூணில் ஒட்டிக்கொண்டிருந்தபோது குடத்தோடு வந்த பாட்டி ஒருவர், "என்ன எழுதியிருக்கு தம்பி, படி" என்றார். படித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பேத்திக்கு இப்பப் பால் கரைக்கணும். எந்தத் தண்ணி எடுக்கட்டும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. "காய்ச்சி எடுத்துக்குங்க பாட்டி" என்றேன். அது தப்பான பதில். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளைத்தான் நைட்ரேட் முதலில் தாக்கும்; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். படகில் திரும்பும் வழியில்தான் இது உறைத்தது. மறுநாள் முதல் படகில் போய் அந்த வீட்டைத் தேடிப்பிடித்துத் திருத்திச் சொன்னேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெருநிலத்தில் "இதைக் குடிக்காதே, இதைத் தின்னாதே, இங்கே போகாதே" என்றால், கேட்பவர் அடுத்த தெருவுக்கோ அடுத்த ஊருக்கோ போய்க்கொள்வார். தீவில் அடுத்த ஊர் கிடையாது. கிணறு போனால் வேறு கிணறு இல்லை, மீன் போனால் வேறு கறி இல்லை. ஆகவே "வேண்டாம்" என்று சொல்பவர் "பதிலுக்கு இது" என்பதையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கீழே நான் எழுதும் படிகள் எல்லாம் அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதில் தேடிப் பழகியவை.

முதல் படி: ஆபத்து வரும் முன்பே தீவைப் படியுங்கள்

பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு விஷயங்களை எழுதிவையுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது. சாப்பாட்டில் எது உள்ளூரில் விளைகிறது, எது கப்பலில் வருகிறது. யார் எதை நம்பிப் பிழைக்கிறார்கள். ஒரு செய்தி வீடுவீடாக எந்த வழியில் போகிறது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாழ்வான பவளத் தீவுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லை (லென்ஸ்) போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் பல மடங்கு மேலேறும். அந்த வில்லைக்கு மேலேதான் மலக்குழியும் எண்ணெய்ப் பீப்பாயும் உரமிட்ட தோட்டமும் இருக்கின்றன. ஒரு மூலையில் கொட்டியது இன்னொரு மூலையில் குடத்தில் வரும். இதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் "என் கிணறு வேறப்பா, அது அவங்க கிணறு" என்பவருக்குப் பதில் சொல்ல முடியும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கண்ணாடித் தம்ளரும் வைத்து, உப்புநீர்மேல் சாயம் கலந்த நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் காட்டுங்கள். மேலே தனியாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். அரைமணிநேரப் பேச்சை இந்த ஒரு தம்ளர் மிச்சப்படுத்தும்.

பிழைப்பைப் பற்றி எழுதும்போது யாருக்கு எந்த எச்சரிக்கை வலிக்கும் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டு இலங்கைக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். கடலுக்குப் போகத் தடை ஒரு பக்கம், பிடித்த மீனும் விலைபோகாதது மறுபக்கம் என்று மீனவக் குடும்பங்கள் இரண்டு அடி வாங்கின. "மீன் சாப்பிடாதீர்கள்" என்று நீங்கள் பொதுவாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் யாருடைய அடுப்பு அணைகிறது என்று தெரிந்து சொல்லுங்கள். எந்த மீன், எந்தக் கடற்பகுதி, எத்தனை நாள் என்று குறிப்பாகச் சொன்னால் மற்ற மீனாவது விற்கும்.

இரண்டாம் படி: பேசும் முன் கேளுங்கள்

இதைப் பலர் சடங்காகச் செய்கிறார்கள். ஒரு கூட்டம் போட்டு, ஒரு மணிநேரம் பேசிவிட்டு, கடைசி 5 நிமிடம் "கேள்வி இருக்கா?" என்பது கேட்பதில் சேராது. இறங்குதுறையில், கடை வாசலில், வலை பின்னும் இடத்தில் போய் உட்காருங்கள். "எது உங்களுக்கு ரொம்பக் கவலையா இருக்கு?", "இதை யார் சொன்னா நம்புவீங்க?", "நாங்க சொல்றதைச் செய்ய என்ன தடை?" இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் உயிர்.

ஏன் என்பதற்கு மான்செராட் தீவைச் சொல்வேன். கரீபியனில் உள்ள அந்தச் சின்னத் தீவில் சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை 1995இல் விழித்தது. தெற்குப் பகுதி தடைசெய்யப்பட்டது. அபாயம் என்னவென்று மக்களுக்கு நன்றாகவே தெரியும்; புகையும் சாம்பலும் கண்ணெதிரே. இருந்தும் 1997 ஜூன் 25 அன்று வந்த பெருவெடிப்பில், தடைப் பகுதிக்குள் இருந்த 19 பேர் இறந்தார்கள். பயிரைப் பார்க்க, ஆடுமாட்டைப் பார்க்க, வீட்டைப் பார்க்கப் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். முகாம்களில் நெருக்கடி, கையில் காசு இல்லை, வயலில் விளைந்தது காத்துக்கிடக்கிறது. அங்கே இன்னொரு எச்சரிக்கைப் பலகை யாரையும் காப்பாற்றியிருக்காது. மேய்ச்சலுக்கு வடக்கே இடம், விளைச்சலுக்கு ஈடு, முகாமில் மனிதர் தங்கத்தக்க வசதி, இவையும் எச்சரிக்கையின் பகுதிகள்தாம். "சொல்லியும் கேட்கலையே" என்று மக்களைக் குறைசொல்லும் அதிகாரியைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கேட்க முடியாதபடி எது தடுத்தது என்று அவர் விசாரித்தாரா?

இன்னொன்று. பீட்டர் சாண்ட்மன் என்ற அமெரிக்க அறிஞர் இந்தத் துறைக்குத் தந்த ஒரு சூத்திரம் உண்டு: மக்கள் உணரும் அபாயம் என்பது, உள்ளபடியான கேடும் அவர்களுடைய ஆத்திரமும் சேர்ந்தது. தானாக வந்த ஆபத்தைவிட, யாரோ கொண்டுவந்து தலையில் கட்டிய ஆபத்து பெரிதாகத் தெரியும். அந்த ஆத்திரத்தை அறியாமை என்று எண்ணி, விளக்கப் படங்களோடு கிளம்பிவிடாதீர்கள். முதலில் அது நியாயமா என்று பாருங்கள். பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும்.

மூன்றாம் படி: பதிலுக்கு என்ன என்பதை முடிவு செய்யுங்கள்

எழுத உட்காரும் முன் இதை முடித்தாக வேண்டும். பிரான்சின் ஆட்சியில் உள்ள கரீபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப்பில் 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். பிரான்சில் 1990இலேயே தடை வந்தது. இந்தத் தீவுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து மேலும் 3 ஆண்டுகள் ஓட்டினார்கள். மண்ணில் அது நூற்றாண்டுக்கணக்கில் நிற்கக்கூடியது. பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் அது இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் கிழங்கு போட்டு, கரையோரம் மீன் பிடித்துச் சாப்பிடும் ஏழைக் குடும்பத்திடம் என்ன சொல்வீர்கள்? "மண் நஞ்சாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு வந்தால் அது தண்டனை.

அங்கே குடும்பத் தோட்டங்களுக்கு என்று ஒரு திட்டம் வந்தது. வீட்டுக்கு வந்து மண்ணை இலவசமாக ஆய்வுசெய்து, அந்த வீட்டு மண்ணுக்கு ஏற்ப எதை நடலாம், எதை நடக்கூடாது என்று சொல்வார்கள். மண்ணோடு ஒட்டி வளரும் கிழங்குகள் நஞ்சை அதிகம் ஏற்கின்றன. மரத்தில் காய்க்கும் பழங்களுக்கு, வாழை உட்பட, அது அவ்வளவாக ஏறுவதில்லை. இது ஒரு குடும்பம் நாளைக் காலையிலேயே பயன்படுத்தக்கூடிய செய்தி. கொல்லையைக் கைவிட வேண்டியதில்லை. நடுவதை மாற்றினால் போதும். நிர்வாகத்தின் மேல் இருக்கும் நியாயமான கோபம் இதனால் தீர்ந்துவிடவில்லை, தீரவும் தீராது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வழி கிடைத்தது.

உங்களிடம் மாற்று எதுவும் இல்லையென்றால், அதை மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் வண்டி வராமல் தண்ணீர் எச்சரிக்கை போடச் சொன்னால், எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று திருப்பிக் கேளுங்கள். அவசரம் என்றால் எச்சரிக்கையை நிறுத்திவைக்கக் கூடாது. "மாற்று ஏற்பாடு மாலைக்குள், அதுவரை கைக்குழந்தைக்கு மட்டும் புட்டித் தண்ணீர் இங்கே" என்று இருப்பதைச் சொல்லியாவது போடுங்கள்.

நான்காம் படி: வாக்கியத்தை எழுதுங்கள்

அன்று நான் ஒட்டிய நோட்டீஸை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இந்தக் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் அளவுக்கு மேல் கலந்திருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்க இதை எடுக்காதீர்கள். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. கர்ப்பிணிகளும் இதைக் குடிக்க வேண்டாம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எடுக்கலாம். நல்ல தண்ணீர் தினமும் காலை 7 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பள்ளிக்கூட வாசலில் கிடைக்கும். காசு இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே தருவோம். குழந்தையின் உதடு, நகம் நீலமாகத் தெரிந்தால் இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆய்வு முடிவை வெள்ளிக்கிழமை மாலை இதே இடத்தில் சொல்வோம்."

பழைய நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "உகந்ததல்ல" போயிற்று, அந்தச் சொல்லை யாரும் வீட்டில் பேசுவதில்லை. யாருக்கு ஆபத்து என்பது முதலில் வந்தது. எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். அதை விட்டால் பாதிப் பேர் குளிக்கவே பயப்படுவார்கள், மீதிப் பேர் நோட்டீஸையே மதிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வரியில் "இரவானாலும்" என்ற சொல் வேண்டும், ஏனென்றால் விடியட்டும் என்று காத்திருப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். கடைசி வரிக்கு நான் மற்ற எல்லா வரியையும்விட அதிக மதிப்புக் கொடுப்பேன். அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரிந்தவர் வதந்தியைத் தேடிப் போவதில்லை.

நைட்ரேட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். இந்த எண்ணை நோட்டீஸில் போடத் தேவையில்லை. ஆனால் பையில் இருக்கட்டும். ஒரு ஆசிரியரோ பொறியாளரோ நிச்சயம் கேட்பார், அவருக்கு மழுப்பலான பதில் சொன்னால் ஊருக்கே மழுப்பியதாக ஆகும்.

அறிவுரை ஆபத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். கழிவுநீர் கலந்த தண்ணீருக்குக் காய்ச்சுவது சரி. எண்ணெய், உப்பு, நைட்ரேட், பூச்சிமருந்து எதற்கும் காய்ச்சுவது உதவாது. எரிமலைச் சாம்பல் விழும் என்றால் முன்கூட்டியே கூரைத் தண்ணீர்க் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிட்டு, தொட்டியை மூடச் சொல்ல வேண்டும். விழுந்த பிறகு சொன்னால் தொட்டியில் சேறுதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் "காய்ச்சிக் குடியுங்கள்" என்று பழக்கதோஷத்தில் சொல்லும் தப்பை நான் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள்.

எண்களில் கவனம்

800 பேர் வாழும் தீவில் போன வருடம் ஒருவருக்குப் புற்றுநோய், இந்த வருடம் இரண்டு பேருக்கு. "இரு மடங்கானது" என்பது பொய்யில்லை, ஆனால் அதிலிருந்து எதுவும் தெரியவும் தெரியாது. இவ்வளவு சின்னத் தொகையில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் எகிறும், சரியும். பல வருடக் கணக்கைச் சேர்த்து, பக்கத்துத் தீவுகளையும் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். "சிறிய ஊரில் கணக்கு ஏன் ஆடும்" என்பதை நாணயத்தைச் சுண்டிக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள்: 4 முறை சுண்டி 3 தலை விழுந்தால் யாரும் நாணயத்தைச் சந்தேகிப்பதில்லை.

மடங்குக் கணக்கு எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. 1995 அக்டோபரில், ஒருவகைக் கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டு அபாயத்தை இரு மடங்காக்குகிறது என்று அங்கே அறிவித்தார்கள். உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆனது. பதறிப்போய்ப் பலர் மாத்திரையையே நிறுத்தினார்கள். வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின. "ஆயிரத்தில் இத்தனை பேர்" என்று சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் அதே ஆயிரத்தை வைத்தே சொல்லுங்கள்.

தீவுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. "40 வயதுப் பெண் ஒருவருக்குக் காலரா உறுதி" என்று பெருநகரத்தில் எழுதினால் அது தகவல். 800 பேர் ஊரில் அது பெயர் சொன்னதற்குச் சமம். அன்று மாலையே அவர் வீட்டுப் பிள்ளைகளோடு யாரும் விளையாட மாட்டார்கள். வயதையும் பாலினத்தையும் எடுத்துவிடுங்கள், முடிந்தால் பல தீவுகளைச் சேர்த்து எண்ணிக்கை கொடுங்கள். எப்படியும் ஊருக்குத் தெரியத்தான் போகிறது என்றால், முதலில் அந்தக் குடும்பத்திடம் போய், என்ன சொல்லப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்து பிறகு சொல்லுங்கள்.

யார் வாயால் சொல்வது

வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோ தீவுகளில் பைலட் திமிங்கிலக் கறி நூற்றாண்டுகளாகத் தொடரும் உணவு. அதில் பாதரசம் சேர்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது என்பதை, அந்தத் தீவுகளிலேயே பிறந்த ஏறத்தாழ 1,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கண்டார்கள். சொன்னவர்களில் முன்னால் நின்றவர் பால் வைஹே, அந்த மண்ணின் மருத்துவர். 1998இல் அவர்கள் "தின்னாதே" என்று சொல்லவில்லை. மாதத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்கட்டும் என்று அளவோடு சொன்னார்கள். கர்ப்பிணிகளின் உடலில் பாதரச அளவு அதன்பின் நன்றாகக் குறைந்தது. சான்றுகள் மேலும் சேர்ந்த பிறகு, 2008இல்தான் மனிதர் உண்ணத் தக்கதல்ல என்று முழுதாகச் சொன்னார்கள். இதையே வெளியிலிருந்து வந்த ஒருவர், திமிங்கில வேட்டையை எதிர்க்கும் குரலில் சொல்லியிருந்தால் வீம்புக்கு இன்னும் இரண்டு துண்டு தின்றிருப்பார்கள். ஊரின் பழக்கத்தைத் தாழ்த்தாமல், உன் குழந்தைக்காகச் சொல்கிறேன் என்று சொல்ல உரிமை உள்ளவரைத் தேடுங்கள். பெரும்பாலும் அவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள். மருத்துவச்சி, படகோட்டி, ஆசிரியை, வழிபாட்டிடத்துப் பெரியவர், கடைக்காரம்மா என்று நான்கைந்து பேருக்கு முன்கூட்டியே விவரம் சொல்லி, அவர்களுடைய சந்தேகங்களை முதலில் தீர்த்துவையுங்கள்.

வெளியூரில் வேலைபார்க்கும் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். இரவு போனில் "அம்மா, அந்த ஊசி போடாதே" என்று மகன் சொன்னால் உங்கள் ஒரு மாத உழைப்பு போச்சு. அவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அதே செய்தி, அதே நேரத்தில் போகட்டும்.

செய்தி போகும் வழி, அது அறுந்தால் வேறு வழி

2022 ஜனவரி 15 அன்று தொங்கா நாட்டில் கடலடி எரிமலை வெடித்தது. சுனாமியும் சாம்பலும் வந்த அதே நாளில் கடலடிக் கேபிளும் அறுந்தது. வெளிநாட்டுத் தொடர்பு சீராக ஏறத்தாழ 5 வாரம் ஆயிற்று. வெளித்தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிளைச் சரிசெய்ய ஓராண்டுக்கும் மேல் பிடித்தது. செய்தி மிகவும் தேவைப்படும் அன்றுதான் இணையம் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். மின்கலத்தில் ஓடும் வானொலி, படகுகளின் விஎச்எஃப் வயர்லெஸ் கருவி, கையால் சுழற்றும் சைரன், மணி, சைக்கிளில் போகும் பையன்கள். யார் எந்தத் தெருவுக்கு என்று பெயர் எழுதி, வருடத்துக்கு இருமுறை ஓடிப் பாருங்கள். காது கேளாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவது யார் பொறுப்பு என்பதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஒரு சத்தத்துக்கு ஒரு பொருள்தான் இருக்கலாம். ஹவாயின் மவுயி தீவில் 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா நகரம் எரிந்து ஏறத்தாழ 100 பேர் இறந்தபோது, கடலோர சைரன்கள் ஒலிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அதிகாரி சொன்ன காரணம்: சைரன் என்றால் சுனாமி, மேட்டுக்கு ஓடு என்றுதான் மக்களைப் பழக்கியிருக்கிறோம்; ஒலித்திருந்தால் தீ வரும் மலைப்பக்கமே ஓடியிருப்பார்கள். அந்த முடிவு சரியா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் தீவில் சைரன் ஒலித்தால் பத்துப் பேரிடம் "என்ன செய்வீங்க?" என்று இன்றே கேட்டுப் பாருங்கள். பத்துப் பதில் வந்தால், வேலை எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மிக எளிய வழி மிக நீண்ட காலம் நிற்கும் என்பதற்கு சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவு. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் அதற்கு "ஸ்மோங்" என்று தங்கள் மொழியில் பெயர்வைத்து, கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: நிலம் பலமாக ஆடும், கடல் உள்வாங்கும், உடனே மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் முடிந்து சில நிமிடங்களிலேயே அலை வந்தது. "ஸ்மோங்" என்று கத்திக்கொண்டு ஊரே குன்றேறியது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். அடையாளம், செயல், ஒரே சொல். உங்கள் துண்டறிக்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தெரியாததைச் சொல்வதும் தப்பைத் திருத்துவதும்

முதல் ஒரு மணிநேரத்தில் முழு விவரம் இருக்காது. "எண்ணெய் கசிந்திருக்கிறது. கிணற்றில் கலந்ததா என்று இன்னும் தெரியாது. மாதிரி எடுத்துவிட்டோம், முடிவு நாளை மதியம். அதுவரை தொட்டித் தண்ணீரையே எடுங்கள்." இவ்வளவு போதும். "பயப்பட ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். மார்ஷல் தீவுகளில் 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் ரொங்கலாப் தீவின் மேல் விழுந்தது. அப்புறப்படுத்தப்பட்ட மக்களை 1957இல், இனி வாழலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நோய்களையும் கருச்சிதைவுகளையும் பார்த்துப் பார்த்து, 1985இல் அந்த மக்களே சொந்தத் தீவைக் காலிசெய்துகொண்டு கப்பலேறினார்கள். அப்படி ஒருமுறை ஆன இடத்தில், அடுத்து வரும் அறிவியலாளர் உண்மையே சொன்னாலும் யார் கேட்பார்கள்?

தப்பு நடந்துவிட்டால் திருத்தம் அதே வழியில், அதே சத்தத்தோடு, உடனே போக வேண்டும். 2018 ஜனவரி 13 காலையில் ஹவாய் முழுக்க ஏவுகணை வருகிறது என்று கைபேசிகளுக்குத் தவறாக எச்சரிக்கை போனது. அதே கைபேசிகளுக்கு "தவறு" என்ற செய்தி வர 38 நிமிடம் ஆயிற்று. அனுப்பும் வழி ஆயத்தமாக இருந்தது, திரும்பப் பெறும் வழி ஆயத்தமாக இல்லை. எச்சரிக்கை வாசகத்தை எழுதும் அன்றே திருத்த வாசகத்தையும் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

சமோவாவில் நடந்தது இதைவிடக் கொடியது. 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சற்று நேரத்தில் இறந்தன. தடுப்பு மருந்தில் குறை இல்லை. அதைக் கரைக்கத் தவறான மருந்தைச் சேர்த்துவிட்டார்கள். ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது, நம்பிக்கை சரிந்தது, ஊசி போட்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனார்கள். 2019இல் தட்டம்மை புகுந்து 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சிறு குழந்தைகள். என்ன நடந்தது, யார் தப்பு, எது தப்பில்லை என்பதை வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய மாதங்கள் வீணாயின. டிசம்பர் 5, 6 தேதிகளில் நாட்டையே நிறுத்தி, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டுமுன் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். குழுக்கள் வீட்டுக்கே போய்ப் போட்டன. மக்கள் ஒத்துழைத்தார்கள். யாரையும் அலைய விடாமல் ஊசியே வீடு தேடி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஊர் நம்பிக்கை தப்பாக இருக்கும்போது

பவளப்பாறை மீன்களில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேரும். சாப்பிட்டவருக்கு வாந்தி, பேதி, பிறகு விநோதமாகக் குளிர்ந்த நீர் பட்டால் சுடுவதுபோல எரியும். நஞ்சுள்ள மீனுக்கு வாடையும் இல்லை, சுவை மாற்றமும் இல்லை. சமைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. பல தீவுகளில் ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பார்கள், வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் பலிக்காது. ஆனால் அதே மீனவர்கள் "அந்தப் பாறைப்பக்கம் பிடிச்ச பெரிய மீனைத் தொடாதே" என்றும் சொல்வார்கள், அது பெரும்பாலும் சரி. பெரிய ஷீலா, களவா, விலாங்கு வகைகளில்தான் நஞ்சு மிகுதியாகச் சேர்கிறது. சரியானதை முதலில் ஊர்முன் பாராட்டிச் சொல்லிவிட்டு, பிறகு காசுச் சோதனையைப் பற்றிப் பேசுங்கள். எந்தப் பாறை என்று அவர்களையே வரைபடத்தில் குறிக்கச் சொன்னால், உங்கள் ஆய்வுக்கும் அது உதவும்.

கடைசிப் படி: முடிந்தது என்று சொல்லுங்கள்

இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கிணறு சரியாகி ஒரு வருடம் ஆன பிறகும் "குடிக்காதீர்கள்" பலகை தொங்கும். மக்கள் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுப்பார்கள், பலகையைத் தாண்டிப் போகலாம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். ஒட்டும்போதே ஒவ்வொரு நோட்டீஸின் மூலையிலும் ஒட்டிய தேதியும், மறுபடி பார்க்கும் தேதியும், பொறுப்பானவரின் பதவியும் எழுதுங்கள். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் பதிவுசெய்து, மாதத்தில் ஒருநாள் அந்தப் பட்டியலோடு நடந்து போங்கள். ஆபத்து நீங்கியிருந்தால் ஆய்வு முடிவை அங்கேயே வாசித்துக் காட்டி, பலகையை உங்கள் கையால் கழற்றி, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தம்ளர் எல்லார் முன்னாலும் குடியுங்கள். நீங்காவிட்டால் புதுத் தேதி போட்டுப் புதுத் தாள் ஒட்டிவிட்டு, தண்ணீர் வண்டி நேரத்துக்கு வருகிறதா என்று முதலில் வரும் குடத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.